எல்லா ஊரிலும் விழுந்தவள்

உலகத்தில் எத்தனையோ பேர் கீழே விழுகிறார்கள். எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்துத் தொலைத்தார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். கொக்கு விழுந்ததை மட்டும் படம் பிடித்து, அந்தப் படத்தைப் போட்டுப் போட்டுப் பாடம் பண்ணி, ஒன்பது நாடுகளில் டிக்கெட் விற்றுக் காட்டினார்கள். அவள் தலையெழுத்து அப்படி.

கொக்கு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கால் இரண்டும் கழுத்து வரைக்கும் இருக்கிறதே என்று நடன மாஸ்டர் வைத்தது. பதினெட்டு வயதில் ஒட்டிக்கொண்ட பெயர், நாற்பத்து நான்கு வயதாகி இடது முழங்காலில் ஒரு சாண் தழும்பு வந்த பிறகும் விடவில்லை. மேடையில் அவள் ஆடிப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவளுக்கு வேறு வேலை. மாஸ்டர் அமைத்த நடனங்களைப் புதுப் புதுக் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுத்து மேடையேற்றித் தர வேண்டும். ஒரு நாட்டில் ஆறு வாரம், இன்னொரு நாட்டில் எட்டு வாரம். போன இடமெல்லாம் கம்பெனி ஓர் ஒற்றையறை வீடு கொடுக்கும். அலமாரியில் முன்னால் தங்கியவர் விட்டுப்போன உப்பு டப்பா இருக்கும். அந்த உப்பையே போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, விசா முடிவதற்குள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மாஸ்டர் மொத்தம் பதினாறு நடனங்கள் அமைத்தார். பதினைந்தை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிக்கொடுப்பாள். பதினாறாவதைத் தொடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அதன் பெயர் ‘கரை’. அதில்தான் அவள் விழுந்தாள். அதன் வீடியோவைக்கூட அவள் அதுவரை பார்த்ததில்லை. வேறு ஆட்கள் அதைப் பார்த்துக் கற்று, வேறு ஊர்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாராட்டிப் பாராட்டி எழுதினார்கள் என்று காதில் விழும். சரி, ஆடிவிட்டுப் போங்கள் என்று இருந்துவிட்டாள்.

போன வருஷம் மாஸ்டர் கண்ணை மூடினார். மனுஷன் சும்மா மூடவில்லை. இனிமேல் ‘கரை’யை யார் ஆடுவதானாலும் கொக்கு இருந்து சொல்லிக்கொடுத்தால்தான் ஆடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு மூடினார். உயிரோடு இருந்தபோது கெஞ்சியும் நடக்காததைச் செத்த பிறகு சாதித்துக்கொண்டார். இப்போது அவளைக் கூப்பிட்ட குழுவோ நாள் குறித்து, அரங்கம் பிடித்து, வீடியோ பார்த்து முழு நடனத்தையும் கற்றும் முடித்திருந்தது. வரமாட்டேன் என்றால் பதினான்கு பேருடைய உழைப்பு மண்ணாகப் போகும். வேண்டா வெறுப்பாகத்தான் விமானம் ஏறினாள்.

ஒத்திகைக் கூடம் ஒரு பழைய அச்சகத்தின் மேல்மாடி. தரையில் கறுப்பு விரிப்பு, ஓரங்களில் ஒட்டிய பட்டை நாடா, சுவரோரமாகத் தண்ணீர்ப் புட்டிகள், வலித் தைலத்தின் வாசனை. எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த வாசனை மட்டும் மாறாது. கொக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“முதல்ல எனக்கு ஒரு தடவை ஆடிக் காட்டுங்க. நடுவுல நான் வாயத் திறக்க மாட்டேன்” என்றாள்.

அவளுடைய பாகத்தை ஆடியவள் இருபத்து மூன்று வயதுப் பெண். குழுவில் எல்லாரும் அவளை ஜெராக்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். எதைக் காட்டினாலும் அச்சு பிசகாமல் அப்படியே செய்வாளாம். தம்பியுடைய பாகத்துக்கு நெட்டையன் என்று ஒருவன். நல்ல பையன், நிலைப்படியில் குனிந்து வந்தான்.

ஆமாம், தம்பிதான். ‘கரை’யின் நடுவில் வரும் இருவர் நடனத்தை மாஸ்டர் கொக்குக்கும் அவளுடைய உடன்பிறந்த தம்பிக்கும் என்றே அமைத்தார். இருபத்தொன்பதாவது நிமிஷத்தில் இசை நின்றுவிடும். பின்னால் ஆறு பேர் வெறுங்காலோடு நின்ற இடத்திலேயே நடப்பார்கள். அந்தக் காலடி ஓசை ஒன்றுதான் கணக்கு. முன்னால் அக்காக்காரி சபையைப் பார்த்து நிற்பாள். தம்பி பின் மூலையிலிருந்து ஓடிவருவான். எட்டு எண்ணியதும் அவள் திரும்பிப் பார்க்காமலேயே பின்பக்கமாகத் தாவ வேண்டும். அவன் அங்கே இருப்பான், ஏந்திக்கொள்வான். திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் செருப்பைக் கழற்றுவார். நம்பித் தாவுகிறாயா, இல்லையா? முழு நடனமும் அந்த ஒரு நொடியில்தான் இருந்தது.

இருபத்தொன்பதாவது நிமிஷம் வந்தது. ஜெராக்ஸ் தாவினாள். நெட்டையன் எட்டவில்லை, அவனுடைய விரல்கள் அவள் தோளை உரசியதோடு சரி. அவள் விழுந்தாள். இடது கால் உள்ளே மடங்கியது. வலது கை காற்றில் எதையோ தேடியது. வாய் திறந்து, சத்தமே இல்லாமல், “அம்மா” என்றது. நெட்டையன் தரையில் பாய்ந்து அவளுக்கு அடியில் முதுகைக் கொடுத்து, அவளை முதுகிலேயே சுமந்துகொண்டு கடைசிவரை ஆடினான்.

அத்தனையும் அன்று நடந்தது. அந்த “அம்மா”கூட. கொக்கு எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. தன் உடம்பு உடைந்த நேரத்தை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, இத்தனை ஊரில் காட்சிக்கு வைத்திருக்கிறார்களே பாவிகள் என்று இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“அந்த விழுறது இருக்கே, அது மாஸ்டர் போட்டது இல்ல. அது விபத்து. எனக்கு முழங்கால் கிழிஞ்ச விபத்து. சபைக்குத் தெரியல, கை தட்டிட்டாங்க. மாஸ்டரும் சும்மா விட்டுட்டாரு. இனிமே அது கிடையாது. அங்க பிடிக்கணும். அதுதான் நடனம்.”

ஜெராக்ஸின் கண் நிரம்பிவிட்டது.

“அக்கா, நாலு மாசமா விழக் கத்துக்கிட்டேன்க்கா. இந்த இடுப்பு பூரா கன்றிப்போச்சு” என்றாள்.

“போனது என் கால், அழுறது நீயா?” என்றாள் கொக்கு. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைய ஒத்திகை அத்தோடு முடிந்தது.

அந்த விபத்து நடந்த கதையைக் கேட்டால்தான் அவளுடைய கோபம் புரியும். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு, தம்பிக்கு இருபத்தொன்பது. பதினான்கு நாடுகள் ஒன்றாகச் சுற்றியவர்கள். விமான நிலையத்தில் ஒருவர் பெட்டியில் ஒருவர் கால் நீட்டித் தூங்கியவர்கள். ‘கரை’யின் முதல் காட்சியன்று, ஒப்பனை அறையில், அவள் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது தம்பி மெதுவாக ஆரம்பித்தான். வேறொரு நாட்டில் பெரிய குழு ஒன்று அவனைக் கூப்பிட்டிருக்கிறது. மூன்று வருஷக் காண்ட்ராக்ட். இந்தச் சுற்று முடிந்ததும் கிளம்புகிறேன், அக்கா.

“எனக்கும் சேர்த்தா?” என்று கேட்டாள் அவள்.

“இல்லக்கா. எனக்கு மட்டும்.”

“நல்லது, போ” என்றாள். நல்லது என்று வாய்தான் சொன்னது. இரண்டு மணி நேரம் கழித்து அவள் மேடையில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில், முழங்காலுக்குள் தசைநார் கிழிந்துவிட்டது, இனி தாவ முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, தம்பி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொக்கு அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “உன் மனசு வேற நாட்டுக்குப் போயிடுச்சு, கை எங்கருந்து வரும்? லேட்டா வந்து என்னைக் கீழ விட்டுட்ட. இனிமே உன் ஆயுசுக்கும் யாரையும் தூக்காதடா.”

அவன் அந்தப் பெரிய குழுவுக்குப் போகவில்லை. எந்தக் குழுவுக்கும் போகவில்லை. நடனத்தையே விட்டுவிட்டான் என்று அம்மா சொல்லித் தெரிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, குறுகுறுக்கட்டும் என்று கொக்கு நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இவள் செய்தி அவனுக்கும் அவன் செய்தி இவளுக்கும் அம்மா வழியாகத்தான் போகும். “நான் என்ன தபால் பெட்டியா? ஆளுக்கொரு மூலையில உக்காந்துக்கிட்டு என் வாயில போடுறீங்க” என்று அம்மா போனில் கத்துவாள். கத்திவிட்டுச் செய்தியைச் சொல்லிவிடுவாள்.

மறுநாள் காலையிலேயே கொக்கு கைத்தடியை ஓரமாகச் சாத்திவிட்டு வேலையை ஆரம்பித்தாள். எது எப்படிப் போனாலும் வேலை என்று வந்துவிட்டால் அவளிடம் இரக்கம் கிடையாது.

“நெட்டையா, இங்க வா. தப்பு உன்மேல இல்ல. வீடியோவுல இருந்தவன் லேட்டா வந்தான். நீ அவனப் பார்த்துக் கத்துக்கிட்ட, நீயும் லேட்டா வர்ற. ஒரு கவுண்ட் முன்னாடி கிளம்பு. ஜெராக்ஸ், நீ எட்டுல தாவு. மத்தத அவன் பாத்துக்குவான்.”

பின்னால் ஆறு பேர் நடக்க ஆரம்பித்தார்கள். தப், தப், தப். நெட்டையன் ஒரு கவுண்ட் முன்னதாக ஓடிவந்தான். ஜெராக்ஸ் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். வந்த வேகத்தில் அவன் அவள் முதுகில் மோதி, இருவரும் உருண்டு போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்கள்.

“ஏன்டி மரம் மாதிரி நின்ன?” என்றாள் கொக்கு.

“நீங்க எட்டுன்னு சொன்னீங்கக்கா. எட்டுக்கு முன்னாடியே வந்து இடிச்சிட்டான்.”

“நேத்து வரைக்கும் சரியாத்தானே தாவின?”

“நேத்து வரைக்கும் ஏழுல தாவினேன்.”

“ஏழுலயா? யார் உனக்கு ஏழுன்னு சொன்னது?”

ஜெராக்ஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நெட்டையனைப் பார்த்தாள். நெட்டையன் தரையைப் பார்த்தான்.

“யாரும் சொல்லலக்கா. வீடியோவுல நீங்க ஏழுலதான் தாவுறீங்க.”

கொக்கு சிரித்தாள். “போடி. அந்த இடத்துல கேமரா எங்க ரெண்டு பேரையும்தானே கிட்டப்போய்ப் பிடிச்சிருக்கும்? பின்னாடி நடக்குற ஆறு பேரும் தெரிஞ்சாத்தானே எது ஏழு, எது எட்டுன்னு சொல்ல முடியும்?”

“தெரியலதான்க்கா. ஆனா காலடிச் சத்தம் கேக்குது. மத்தவங்க எல்லாம் படத்தப் பாத்துக் கத்துக்குவாங்க. நான் சத்தத்தையும் எண்ணுவேன். அதனாலதான் என்னை ஜெராக்ஸ்னு கேலி பண்றாங்க.” அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. “ஏழாவது காலடியில நீங்க காத்துல இருக்கீங்க. உங்க தம்பி வர வேண்டிய நேரத்துக்குச் சரியாத்தான் வர்றாரு. நான் வேணும்னேதான் நீங்க ஏழுல தாவுறீங்கன்னு நினைச்சேன். மாஸ்டர் அப்படிப் போட்டிருக்காருன்னு.”

அபாண்டம் என்று கொக்குக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இருபத்து மூன்று வயசுக் குஞ்சு, என் உடம்பு எப்போது கிளம்பியது என்று எனக்கே பாடம் எடுக்கிறதா? ஆனால் இருபத்தாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவள். சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆடிப் பார்க்க வேண்டும்.

“நெட்டையா, நீ நேத்து எப்படி வந்தியோ அப்படியே வா. வீடியோவுல அவன் வர்ற மாதிரி, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஜெராக்ஸ், நீ எட்டுல தாவு.”

தப், தப், தப். எட்டாவது காலடியில் ஜெராக்ஸ் பின்பக்கமாகத் தாவினாள். நெட்டையன் அங்கே இருந்தான். அவசரமே இல்லாமல் இருந்தான். அவள் அவன் கைகளுக்குள் வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பின்னால் நடந்துகொண்டிருந்த ஆறு பேரும் தங்களை மறந்து நின்றுவிட்டார்கள். அவ்வளவு அழகாக இருந்தது. தம்பி வந்த அதே நேரத்தில், வந்த அதே வழியில், எதையும் மாற்றாமல்.

“இன்னொரு தடவை” என்றாள் கொக்கு. இன்னொரு தடவையும் பிடித்தான். மூன்றாவது தடவையும் பிடித்தான்.

எல்லாரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, மேஜைமேல் இருந்த மடிக்கணினியில் அந்த வீடியோவைப் போட்டாள். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்காத வீடியோ. இருபத்தொன்பதாவது நிமிஷம் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது காலடிக்குச் சபையில் யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி கேட்டது. எட்டாவதோடு சேர்ந்து பொத்தென்று உடம்பு விழும் ஓசை. பதினோரு தடவை கேட்டாள். பதினோரு தடவையும் ஏழுதான்.

வேறு நாட்டுக்குப் போனது யாருடைய மனசு? அவளுடையது. எனக்கும் சேர்த்தா என்று கேட்டவள் அவள். இல்லை என்ற பதிலைச் சுமந்துகொண்டு மேடையேறியவள் அவள். அவன் வருவானா என்று காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒரு எண் முன்னதாகவே பாய்ந்தவளும் அவள்தான். மாஸ்டருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். ஆறு பேர் நடையில் ஒரு கால் பிசகினாலே திரும்பிப் பார்க்காமல் பெயர் சொல்லித் திட்டுகிற ஆள். சொல்ல வாய் வராமல், சொல்லிவிட்டால் ஊரெல்லாம் பாராட்டுகிற அந்த விழுதலை இழக்கவும் மனசு வராமல், கடைசியில் ஒப்பந்தத்தில் எழுதி அவளையே கேட்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனுஷன் என்று சொல்வதா, கொலைகாரன் என்று சொல்வதா, அவளுக்கு விளங்கவில்லை.

ஜெராக்ஸ் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து கதவருகே நின்றாள். “அக்கா, நாங்க யாரும் வெளிய சொல்ல மாட்டோம். சத்தியமா.”

அந்தப் பிள்ளை நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் கொக்குக்கு அந்த நினைப்பே வந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. நடனத்தை எட்டாம் எண்ணிக்கைக்குத் திருத்திவிட்டுப் பெட்டியைக் கட்டினால் முடிந்தது. தம்பி அவன் பாட்டுக்கு எங்கேயோ இருக்கிறான். சாயங்காலம் வரைக்கும் இதையே நினைத்து நினைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, தம்பி அட்ரஸ் வேணும்.”

“யார் செத்தா?” என்றாள் அம்மா.

“யாரும் சாகலம்மா.”

“பின்ன எதுக்குடி பன்னெண்டு வருஷம் கழிச்சு அட்ரஸ்? என் பேத்திக்கு ஒன்பது வயசு, நீ ஒரு தடவை எட்டிப் பாத்திருப்பியா? சண்டை போடுறதுக்குன்னா தரமாட்டேன்.”

“சண்டை போடல. தப்பு என்மேலம்மா.”

அம்மா வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். அவள் அழத் தொடங்கிவிட்டாள். அழுதுகொண்டே தெருவையும் கதவு எண்ணையும் சொன்னாள்.

வாராந்திர ஓய்வு நாளன்று கொக்கு ரயில் ஏறினாள். தம்பி இருந்த ஊரும் அதே நாட்டில்தான், மூன்று மணி நேரப் பயணம். அவன் வீடு மாற்றிக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான், பீரோ, கட்டில், குளிர்பெட்டி எல்லாம் ஏற்றி இறக்குவான் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவன் மனைவி போனில் அன்றைய வேலை இடத்தைச் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அது ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் பின்கதவு திறந்த லாரி நின்றது. கொக்கு கைத்தடியை ஊன்றிக்கொண்டு இரண்டாவது மாடி வரை ஏறியிருப்பாள், மேலே குரல் கேட்டது. “படி. இன்னொரு படி. திருப்பு, திருப்பு, என் பக்கம் சாய்க்காத.” ஒரு பெரிய மரபீரோ இறங்கி வந்தது. அதற்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாகக் காலை வைத்து இறங்கி வந்தான் தம்பி. தலை பாதி நரைத்திருந்தது. காலை வைக்கும் விதத்தைப் பார்த்தே அவனைக் கண்டுகொண்டாள். அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். அவளைத் தாண்டும்போது அவன் பார்த்தான். கை நழுவவில்லை. “படி” என்றான், குரல் மட்டும் கொஞ்சம் மாறியது. பீரோவை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கிய பிறகுதான் அவள் பக்கம் திரும்பினான்.

“அம்மாவுக்கு ஏதாவதா?”

“இல்லடா. நல்லா இருக்கா.”

“உக்காரு. கால் வலிக்கும்” என்று லாரியின் பின்பலகையைக் காட்டினான்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. கொக்கு பட்டென்று போட்டு உடைத்துவிட்டாள். “நீ லேட்டா வரலடா. நான்தான் ஏழுலயே தாவிட்டேன். வீடியோவுல காலடிச் சத்தம் இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன். நீ வர வேண்டிய நேரத்துக்குத்தான் வந்த. எட்டு வரைக்கும் நான் நின்னிருந்தா பிடிச்சிருப்ப.”

அவன் கையுறையைக் கழற்றினான். அதை மடித்தான், பிரித்தான்.

“ஏழா?” என்றான்.

“ஏழு.”

“நல்லா எண்ணினியா?”

“பதினோரு தடவை.”

தம்பி லாரியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். “நான் தினமும் எண்ணுவேன்க்கா. பஸ்ல போகும்போது, குளிக்கும்போது, எல்லாம். எப்ப எண்ணினாலும் நான் லேட்டாத்தான் வருவேன். எங்க லேட்டானேன்னு தேடுவேன். மூலையில திரும்பும்போதா, மூணாவது காலடியிலயா. கடைசியில மூணாவதுலதான்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்.”

“மன்னிச்சிடுடா.”

“இத ஏன் எங்கிட்ட வந்து சொன்ன?” என்று அவன் கத்தினான். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். “தப்பு என்மேலன்னு இருந்தவரைக்கும் எனக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. அக்கா காலப் பறிச்சிட்டேன், அதனால ஆட்டத்த விட்டேன், சரிக்குச் சரின்னு இருந்தேன். இப்ப வந்து தப்பே இல்லன்னா, நான் எதுக்கு விட்டேன்? அந்தக் காண்ட்ராக்ட்ட எதுக்குக் கிழிச்சேன்? பன்னெண்டு வருஷமும் சும்மாவா போச்சு?”

கொக்கு தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கேட்டதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. அவளுடைய கால் போனது ஒரு நொடியில். அவனுடைய பன்னிரண்டு வருஷத்தை அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வாயாலேயே பறித்திருக்கிறாள்.

மேலேயிருந்து கூட்டாளி கூப்பிட்டான், “என்னப்பா, கட்டில் காத்துக்கிட்டு நிக்குது.”

“பத்து நிமிஷம்!” என்று தம்பி பதில் குரல் கொடுத்தான். பிறகு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கோபம் அடங்கிவிட்டதா, அசதியா, அவளுக்குத் தெரியவில்லை.

“ஆட்டம் போனாக்கூடப் போகட்டும்க்கா. யாரையும் தூக்காதன்னு சொன்னியே. பீரோ தூக்குவேன், குளிர்பெட்டி தூக்குவேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சாமானக் கீழ விட்டதில்ல. ஆனா எம் பொண்ண நான் தூக்கினதே இல்ல.”

“என்னடா சொல்ற?”

“கையில வாங்கவே பயம். நான் உக்காந்த பிறகு மடியில கொண்டுவந்து வைப்பா அவ அம்மா. நடக்க ஆரம்பிச்சதும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வருவா, தூக்கு தூக்குன்னு. அப்பாவுக்கு முதுகு வலிடா கண்ணுன்னு சொல்லிடுவேன். நான் பீரோ தூக்குறத அவ பாத்திருக்கா. நம்பல. ஆனா கேக்குறத நிறுத்திட்டா. ஒன்பது வயசு ஆச்சு. இனிமே கேக்கமாட்டா.”

கொக்கு வாயைப் பொத்திக்கொண்டாள். தன் கோபம் இவ்வளவு தூரம் போய், தான் கண்ணால் பார்த்தே இராத ஒரு குழந்தையின் நீட்டிய கைகளைத் தட்டிவிட்டிருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். அவன் தேற்றவில்லை. தேற்றவேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “ரயில் எத்தனை மணிக்கு?” என்று கேட்டான்.

“அஞ்சரைக்கு.”

“அந்தக் கட்டில் ஒண்ணுதான் பாக்கி. வீட்டுக்கு வந்துட்டுப் போ. எங்கிட்ட சொன்ன மாதிரி எம் பொண்ணுகிட்டயும் நடந்தத சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா.”

அவன் மாடியேறிப் போய்க் கட்டிலை இறக்கி வந்தான். வீடு நாலு தெரு தள்ளி. இருவரும் நடந்தே போனார்கள். அவளுடைய கைத்தடிக்கு ஏற்றபடி அவன் நடையைக் குறைத்துக்கொண்டான். கதவைத் திறந்தவள் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற ஓர் ஒல்லிப் பெண். கால் இரண்டும் கழுத்து வரைக்கும் இருந்தது. அப்பாவைப் பார்த்தாள், கைத்தடியைப் பார்த்தாள்.

“நீங்கதான் அத்தையா?” என்றாள்.

“ஆமாம்மா.”

கொக்கு அங்கேயே, செருப்பு கழற்றும் பலகையில், முழங்கால் வலிக்க வலிக்க உட்கார்ந்தாள். தம்பி உள்ளே போகாமல் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான்.

“உங்கப்பா முதுகுல ஒரு வலியும் கிடையாதும்மா” என்றாள் அவள். “தப்பு செஞ்சது நான். சொல்றேன், கேளு.”